அரை ஷிப்ட் கணக்கு

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களிடம் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று சொன்னால் விழிப்பார்கள். காலை 8.30 மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் மாலை 5.30க்கு ஒரு ஷிப்ட் முடியும். பிறகு ஒரு டீ, ஒரு பன். மறுபடி மிஷின். இரவு 8.30 வரை ஓடுவது அரை ஷிப்ட். இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை. பனியன் கம்பெனிக்கு வேலை கேட்டு வருகிறவர், ஷிப்டுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே “ஒன்றரை ஓடுகிறதா?” என்றுதான் கேட்பார். ஓடவில்லை என்றால் டீயைக் குடித்துவிட்டு அடுத்த சந்துக்குப் போய்விடுவார்.

நானும் அப்படிக் கேட்டுக்கொண்டு வந்தவன்தான். 1999இல் வேடசந்தூர் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் பஸ் ஏறி வந்து கைமடியாகச் சேர்ந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து, பிசிர் நூலை வெட்டி, அடுத்த மிஷினுக்குக் கொண்டு வைப்பவர் கைமடி. ஒரு வருடத்தில், துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷின் பழகி டெய்லர் ஆனேன். 2014இல் ‘15 வேலம்பாளையம்’ என்ற பகுதியில் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, ஆறு மிஷின்களோடு சொந்தமாக ஜாப் ஒர்க் ஆரம்பித்தேன். ஏற்றுமதிக் கம்பெனிகள் வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள்; தைத்து, செக்கிங் முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்போது 18 மிஷின்கள், 26 பேர். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து ஒன்றரைதான் ஓட்டினேன். அதற்கு மாற்றாக ஒன்று இருக்க முடியும் என்று யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது நல்ல எண்ணமெல்லாம் இல்லை. ஆர்டர் இல்லாமல் போனதுதான். 2022இல் நூல் விலை தலைக்கு மேல் ஏறியது. மே 16, 17 இரண்டு நாள் ஊரே கடையடைத்துப் போராடியது பலருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு விலை கொஞ்சம் இறங்கியபோது, வாங்குகிற நாடுகளில் விலைவாசி ஏறி அங்கே துணி வாங்குவது குறைந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு எனக்கு வரும் கட்டுகள் பாதியாகின. வேறு வழியில்லாமல் அரை ஷிப்டை நிறுத்தினேன். மாலை 5.30க்கு விளக்கை அணைத்துவிட்டு, இருட்டாகாத தெருவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. எட்டு வருடத்தில் அந்தத் தெருவை அந்த நேரத்தில் நான் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

மரத்தைப் பார்த்து மகிழும் நிலையில் நான் இல்லை. வங்கித் தவணை இருந்தது. ஆனால் அந்த நான்கு மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். அரை ஷிப்ட் இல்லாத நாட்களில் தையல் பிழையால் பிரித்துத் தைக்கத் திரும்பி வரும் ‘ஆல்டர்’ பீஸ் குறைந்திருந்தது. ஆர்டர் குறைவு, அதனால் ஆல்டரும் குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். 2023 மார்ச்சில் வேலை மறுபடி வந்ததும் ஒன்றரைக்குத் திரும்பினேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மணிக்கு எத்தனை பீஸ் இறங்குகிறது, அதில் எத்தனை ஆல்டர் என்று எழுத ஆரம்பித்தேன். செக்கிங்கில் இருக்கும் அக்காதான் எண்ணிச் சொல்வார், நான் எழுதுவேன். ஆறு வாரம் எழுதினோம்.

காலை 9 மணியிலிருந்து மதியம் வரை நூறு பீஸுக்கு மூன்று ஆல்டர். சாப்பாட்டுக்குப் பின் நான்கு, ஐந்து. மாலை 6.30க்கு மேல் பதினொன்று, பன்னிரண்டு. கழுத்து ரிப் கோணலாகப் போவது, சைடு தையலில் துணி விட்டுப்போவது, லேபிள் தலைகீழாக ஏறுவது எல்லாம் அந்த நேரத்துச் சரக்கு. மறுநாள் காலையில், கை நன்றாக ஓடுகிற முதல் ஒரு மணி நேரத்தில், முந்தைய இரவு தைத்ததை உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தோம். ராத்திரி கூலி கொடுத்துத் தைக்க வைத்து, காலையில் அதே ஆளுக்குக் கூலி கொடுத்துப் பிரிக்க வைத்தது நான்தான்.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. அதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பகலில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் லைன், அதாவது மிஷின் வரிசை, சும்மா நின்றது. கம்பெனியிலிருந்து வெட்டிய துணி 11 மணிக்கு வரும். உடல் துணி வந்தால் கைத் துணி வந்திருக்காது. கை வந்தால் அதற்கேற்ற நிற நூல் இருக்காது. நூல் வாங்கப் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் டெய்லர்கள் மிஷினில் சாய்ந்து கைப்பேசி பார்ப்பார்கள். பகலில் காத்திருந்து இழந்த நேரத்தைத்தான் இரவில் அரை ஷிப்டாக ஓட்டிக்கொண்டிருந்தோம்.

இதே நேரத்தில் சென்னையில் ஒரு வேடிக்கை நடந்தது. ஏப்ரல் 21ஆம் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தார்கள். முதலில் நிறுத்தி வைத்தார்கள், மே 1ஆம் தேதி திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923 மே 1. சரியாக நூறு வருடம் நிறைந்த நாள். நல்ல முடிவுதான், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் தெரு டீக்கடையில் அந்தச் செய்தியைப் படித்த டெய்லர்கள் சிரித்தார்கள். “பன்னிரண்டு மணி நேரம் வரக்கூடாது என்று போராடுகிறார்கள். அப்படியானால் நாம் இத்தனை வருடம் பார்த்தது என்னங்கண்ணா?” என்று ஒருவர் கேட்டார். அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. ஒரு நாளில் இடைவேளையும் சேர்த்து பத்தரை மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் காகிதம் தகரக் கூரைக்குள் வந்ததில்லை.

கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்லியிருந்ததும் எனக்கு அப்போதுதான், கணக்கு பார்க்கும் ஆடிட்டர் சொல்லித் தெரிந்தது. மூன்று மணி நேர அரை ஷிப்டுக்கு நாங்கள் அரை நாள் கூலி, அதாவது நான்கு மணி நேரத்துக்கான கூலி கொடுத்து வந்தோம். தாராளமாகக் கொடுப்பதாக முதலாளிமார் அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். சட்டக் கணக்கில் அது ஆறு மணி நேரக் கூலியாக இருந்திருக்க வேண்டும்.

சரி, ஒரே ஷிப்ட் ஓட்டலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் முட்டாள்தனம் செய்தேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரம், திங்கட்கிழமை காலை எல்லோரையும் நிற்க வைத்து, “இனி 5.30க்கு வீட்டுக்குப் போகலாம். பிள்ளைகளோடு இருங்கள்” என்று பெரிய மனிதன் மாதிரி அறிவித்தேன். கைதட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. யாரும் பேசவில்லை. பேட்லாக் என்ற தையல் மிஷின் ஓட்டும் அக்கா ஒருவர்தான் வாய் திறந்தார்: “அதெல்லாம் சரிங்கண்ணா. சனிக்கிழமை கவரில் எவ்வளவு இருக்கும்? அதைச் சொல்லுங்கள்.”

நான் அதைக் கணக்கே போட்டிருக்கவில்லை. டெய்லருக்கு அப்போது ஷிப்டுக்கு 480 ரூபாய். ஒன்றரைக்கு 720. ஆறு நாளைக்கு 4,320. ஒரே ஷிப்ட் என்றால் 2,880. வாரத்துக்கு 1,440 ரூபாய் காணாமல் போகிறது. காம்பவுண்டு வீட்டு வாடகையும், சுயஉதவிக் குழுத் தவணையும், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புவதும் இந்த 1,440க்குள் இருந்தன. நான் பெருமையோடு நீட்டிய மூன்று மணி நேரத்துக்கு அவர்கள் கொடுக்க வேண்டிய விலை அது. இரண்டு வாரத்தில் ஐந்து டெய்லர்கள் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒன்றரை ஓடியது. ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருந்த மூன்று இளைஞர்கள் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்கள்: ஆறு பேர் படுக்கும் அறையில் சாயங்காலம் 5.30க்குப் போய் என்ன செய்வது, ஊருக்குப் பணம் அனுப்பத்தானே வந்தோம். அவர்களும் போனார்கள். ஜூலையில் மறுபடி ஒன்றரைக்குத் திரும்பினேன். என் மனைவிதான் பட்டறைக் கணக்கு எழுதுகிறார். “நல்லது செய்வதென்றால் முதலில் கால்குலேட்டரை எடுக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

வேலை நேரக் குறைப்பைப் பற்றி வெளிநாட்டுச் செய்திகள் வரும்போதெல்லாம் இந்த ஒரு வரி நழுவிவிடுகிறது. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை 2,500 பேருக்கு மேல், வாரத்துக்கு 40 மணி நேரத்திலிருந்து 35, 36 மணி நேரமாகக் குறைத்துப் பார்த்தார்கள். வேலை கெடவில்லை, ஆட்கள் நலமாக இருந்தார்கள் என்பது பலரும் அறிந்தது. அது சம்பளத்தைக் குறைக்காமல் செய்யப்பட்டது என்பதுதான் விஷயம். அவர்களுக்கு மாதச் சம்பளம். எங்களுக்கு ஷிப்டுக் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு மணி குறைந்தால் ஓய்வு. ஷிப்டுக் கூலிக்காரருக்கு மணி குறைந்தால் பசி. ஆனால் அங்கே நேரத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது எனக்குப் பயன்பட்டது. தேவையற்ற கூட்டங்களைக் குறைத்தார்களாம். என் பட்டறையில் கூட்டம் கிடையாது. கூட்டத்தின் இடத்தில் காத்திருப்பு இருந்தது.

ஆகவே இரண்டாம் முறை மணியில் கை வைக்கவில்லை. ஆகஸ்ட் முழுக்க, ஒன்றரை ஓடிக்கொண்டிருக்கும்போதே காத்திருப்பைப் பிடித்தோம். உடல், கை, ரிப், லேபிள், நூல் ஐந்தும் சேராத கட்டு லைனில் ஏறக் கூடாது என்று ஒரு விதி. முந்தைய நாள் மாலை 4 மணிக்குள் மறுநாளைக்கான கட்டு மேஜையில் இருக்க வேண்டும் என்று இன்னொன்று. கம்பெனிக்காரர்கள் கேட்பார்களா? கேட்கவில்லை. டெலிவரி சீட்டில் துணி வந்து சேர்ந்த நேரத்தைச் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான் செய்தேன். தாமதத்துக்கு யார் காரணம் என்ற சண்டை வரும்போது அந்தச் சீட்டைக் காட்டினேன். ஒரு கம்பெனி என்னிடம் வேலை கொடுப்பதையே நிறுத்தியது. மற்ற இரண்டும் மெல்ல மெல்ல முந்தைய நாளே துணி அனுப்பப் பழகின.

லைனில் எங்கே தேங்குகிறது என்று பார்த்தால் கை ஏற்றும் ஓவர்லாக்கில் எப்போதும் மலை மாதிரிக் குவிந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த பேட்லாக் சும்மா இருந்தது. கைமடியாக இருந்த ஒரு பெண்ணுக்கு ஓவர்லாக் பழக்கிவிட்டோம். மூன்று வாரம் ஆனது. அந்தப் பெண்ணின் ஷிப்டுக் கூலி 300லிருந்து டெய்லர் கூலிக்கு ஏறியது. அந்தச் செலவு இரண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஊசி மாற்றுவதைக் காலையில் மிஷின் துடைக்கும்போதே முடித்தோம். நின்றபடி செக்கிங் பார்த்தவர்களுக்கு உயரமான ஸ்டூல் வாங்கினேன். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தபோது, அது துணிக்கடைக்குத்தானே என்று இருந்துவிட்டவன் நான். ஸ்டூல் வந்த பிறகு சாயங்காலச் செக்கிங்கில் தப்பிப்போகும் பீஸ் குறைந்தது. ஒன்பது வருடமாக இது ஏன் தோன்றவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. கைப்பேசியைத் தடை செய்யச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். செய்யவில்லை. கட்டு தயாராக இருந்தால் யாரும் கைப்பேசியைப் பார்ப்பதில்லை.

ஒன்றரை ஷிப்டில் 1,400 பீஸ் இறங்கிக்கொண்டிருந்த பட்டறை, ஒரு ஷிப்டில் 1,180 இறக்கும் என்று செப்டம்பர் முடிவில் நோட்டு சொன்னது. அதன் பிறகுதான் கால்குலேட்டர். பீஸுக்கு எனக்குக் கிடைப்பது 21 ரூபாய். 220 பீஸ் குறைந்தால் நாளொன்றுக்கு 4,620 ரூபாய் வரவு குறையும். டெய்லருக்கு ஷிப்டுக்கு 580, மற்றவர்களுக்கு 360 என்று ஏற்றினாலும், அரை ஷிப்ட் கூலி இல்லாததால் 3,140 ரூபாய் மிச்சம். மாலை டீ, பன், மூன்று மணி நேர மின்சாரம், அயர்னிங் செலவு எல்லாம் சேர்த்து இன்னும் 800 ரூபாய் அளவுக்கு மிச்சம். மீதி 700 ரூபாய் என் கையிலிருந்து போகும். டெய்லரின் வாரக் கவரில் 4,320க்குப் பதில் 3,480 இருக்கும்.

இந்த இரண்டு எண்களையும் மறைக்காமல் கரும்பலகையில் எழுதினேன். எனக்கு நாளொன்றுக்கு 700 நட்டம், டெய்லருக்கு நாளொன்றுக்கு 140 நட்டம், மூன்று மணி நேரம் மிச்சம். வேண்டுமா வேண்டாமா? இந்த முறை பேசினார்கள். ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஒரு யோசனை அவர்களிடமிருந்தே வந்தது. மாதத்தில் சில நாள் அரை ஷிப்ட் இருக்கட்டும், ஆனால் எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அரை ஷிப்ட் உண்டா இல்லையா என்பது மாலை 4 மணிக்குத்தான் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வரும், நான் லைனில் போய்ச் சொல்வேன். இல்லை என்றால் திட்டமிட்ட கூலி போயிற்று. உண்டு என்றால் மருத்துவரைப் பார்க்க வாங்கிய டோக்கன் போயிற்று. ஓவர்லாக் ஓட்டும் ஒருவர் தினமும் இரவு 7 மணிக்கு மிஷினில் இருந்தபடியே ஒன்பது வயது மகளுக்குப் போன் போட்டு, குக்கர் எத்தனை விசில் வந்தது, அடுப்பை அணைத்தாயா என்று கேட்பார். நானும் கேட்டுக்கொண்டே கடந்து போயிருக்கிறேன். நீண்ட நேரம் வேலை செய்வது ஒரு கஷ்டம். எவ்வளவு நேரம் என்றே தெரியாமல் வேலை செய்வது அதைவிடப் பெரிய கஷ்டம். பின்னது எனக்கு ஒரு பைசா செலவில்லாமல் தீர்க்கக்கூடியதாக இருந்தது.

இப்போதைய ஏற்பாடு இதுதான். மாதத்தில் அதிகபட்சம் எட்டு நாள் அரை ஷிப்ட். எந்தெந்த நாள் என்று திங்கட்கிழமை காலையிலேயே கரும்பலகையில் ஏறிவிட வேண்டும். அந்த நாட்களுக்கு இரட்டைக் கூலி. முடியாதவர் இல்லை என்று சொல்லலாம், காரணம் கேட்பதில்லை. சனிக்கிழமை எந்தக் காரணத்தைக் கொண்டும் கிடையாது, அது சம்பள நாள், சந்தைக்குப் போகிற நாள். எட்டு நாள் இரட்டைக் கூலியில் அந்த 140 ரூபாய்ப் பள்ளம் பெருமளவு நிரம்பிவிடுகிறது. என் பள்ளம் நிரம்பவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்ததில், புது ஆளுக்கு முன்பணம் கொடுத்து ஏமாறுவது நின்றது. அதை எண்ணில் எப்படி எழுதுவதென்று மனைவிக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

இப்படிச் செய்ய நினைக்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் என்னிடம் கேட்டால், முதல் ஆறு வாரம் மணியில் கை வைக்காமல் எழுதத்தான் சொல்வேன். எழுதாமல் செய்தால் ஜூன் மாதத்து நான்தான். கூலியை ஷிப்டுக் கணக்கில் ஏற்றாமல், ‘இன்சென்டிவ்’ என்று பீஸ் கணக்கில் ஏற்றினால் எட்டு மணி நேரத்தில் பதினொரு மணி நேர அலுப்பு வந்துவிடும். பக்கத்தில் ஒருவர் அப்படிச் செய்து பார்த்தார்; ஆட்கள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கம்பெனியிடம் அவசரம் என்ற சொல்லுக்கு ஒரு விலை வைக்க வேண்டும். என் அரை ஷிப்டுக்கு இரட்டைக் கூலி, அதனால் அவசரக் கட்டுக்கு பீஸுக்கு மூன்று ரூபாய் கூடுதல் என்று சொன்ன மாதத்திலிருந்து அவசரங்கள் பாதியாகிவிட்டன.

ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்: மூன்று மணி நேரம் கொடுத்துவிட்டால் ஓய்வு தானாக வந்துவிடும் என்பதை. பட்டறைப் பெண்களிடம் அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். இரவு 10 மணிக்குத் துவைத்துக்கொண்டிருந்ததை இப்போது 7 மணிக்குத் துவைக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகத் தூங்குகிறார்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்லியது. என் பட்டறை ஆண்களில் சிலர் அந்த 97ஐயும் தொட்டதாகத் தெரியவில்லை. ஒரு டெய்லரின் மனைவி எனக்கே போன் போட்டார். “முன்பு ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டு வருவார். நீங்கள் 5.30க்கு விட்டதிலிருந்து ஏழு மணிக்கே வந்து விழுகிறார். மறுபடி ஒன்றரை ஓட்டுங்கள் அண்ணா” என்றார். என்ன சொல்வது? பட்டறைக் கதவுக்கு வெளியே என் கரும்பலகை செல்லாது.

என் கதையும் அப்படியொன்றும் பெருமையானதில்லை. ஆட்களை 5.30க்கு அனுப்பிவிட்டு நான் 9 மணி வரை அதே தகரக் கூரைக்குள் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் இரவு 10 மணிக்கு வாட்ஸ்ஆப்பில் குரல் அனுப்புவார், நான் படுக்கையிலிருந்து பதில் அனுப்புவேன். அந்தப் பையனுக்கு எதிர்முனையில் ஐரோப்பாவிலிருந்து யாரோ அனுப்புவார்கள். அங்கே அப்போது மாலை. அவர் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அனுப்பியிருப்பார். அவருடைய மாலை எங்கள் இருவருக்கும் இரவு பத்தாகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னதை ஆடிட்டர் ஒருநாள் எனக்கு அனுப்பினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் எழுபது மணி நேரத்தைத் தாண்டியிருந்தேன். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

2023 அக்டோபரில்தான் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் 90 என்றார். இருவரும் படித்தவர்கள், பெரிய நிறுவனங்களை நடத்தியவர்கள். ஆனால் மாலை 6.30க்கு மேல் இறங்கிய ஆல்டரை ஆறு வாரம் எண்ணிப் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன், அந்த எண்கள் வேலையை அளக்கவில்லை. நாற்காலியில் இருந்த நேரத்தை அளக்கின்றன.

இரவு 8 மணிக்கு மேல் கம்பெனிப் போனை அலமாரியில் வைத்துவிடுகிறேன். முதல் மாதம் கை தானாக அலமாரிக்குப் போனது. இரண்டு ஷிப்மென்ட் குளறுபடி இதனால் வந்தது, ஒன்றில் திட்டும் வாங்கினேன். மகன் எட்டாம் வகுப்பு. முதல் சில நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று புத்தகத்தை மூடினான். இப்போது மூடுவதில்லை. பேச்சும் அதிகமில்லை. அவன் படிக்கிறான், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

ஜூனில் போன ஐந்து டெய்லர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மூன்றாமவர் போன மாதம் வந்து கரும்பலகையைப் பார்த்தார், “எட்டு நாள்தானா?” என்றார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், கையில் பணம் வேண்டும். டீ குடித்துவிட்டுப் போனார். அவரிடம் நான் என்ன சொல்லித் தடுப்பது?

இந்த வாரம் வியாழக்கிழமைக்கு அரை ஷிப்ட் எழுதியிருந்தேன். செவ்வாய் காலை வந்து பார்த்தால் வியாழன் அழிக்கப்பட்டுப் புதன் என்று இருந்தது. பேட்லாக் அக்காவின் கையெழுத்து. வியாழன் யாரோ ஒருவர் மகளின் பள்ளி ஆண்டு விழாவாம், மற்றவர்களிடம் பேசி மாற்றிவிட்டார்களாம். புதன்கிழமைக்குக் கட்டு தயாராக இருக்காதே என்றேன். “நூல் மட்டும்தான் வர வேண்டும், நேற்றே சொல்லிவிட்டேன். பதினொரு மணிக்கு வந்துவிடும்” என்றார் அக்கா. பத்தே முக்காலுக்கு வந்தது.